எல்லாம் மான்

இருபத்தொரு மாதம்.
இன்னும் அம்மா என்று சொல்லவில்லை சாருகன்.
மான் என்பான்.
வாசலில் நிற்கும் மானுக்கு மான்,
ஓட்டோவுக்கு மான், மழைக்கு மான்,
நனைந்த காற்சட்டையோடு வந்து
என் சட்டையைப் பிடித்து இழுத்துச்
சொல்வதும் அதுவே.

இந்த ஊரில் அது பெரிய பிழையில்லை.
விடியப்புறம் கேற்றைத் திறந்தால்
குப்பைப் பையைக் கிழித்தபடி நிற்பவை நாய்களல்ல.
பஸ் நிலையத்துப் பக்கமிருந்து நடந்து வந்து,
கொம்பில் யாருடையதோ சாரத் துண்டு தொங்க,
வாழைப்பழத் தோல் இருக்கிறதா என்று பார்க்கும்
நகரசபை மான்கள்.

பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா
மதிலுக்கு மேலால் எட்டி
"என்ன, வாய் திறந்திட்டானா?" என்பா,
பைப்பில் தண்ணி வந்திட்டுதா என்று கேட்பதுபோல.
மாமி கனடாவிலிருந்து வீடியோவில்
"மெலிஞ்சுபோனான்" என்பா.
போனைத் தள்ளிப் பிடித்தால்
எல்லாரும் மெலிவுதான் மாமி,
என்று சொல்லவில்லை.
போனைக் கிட்டப் பிடித்தேன்.

எனக்கும் அபிப்பிராயங்கள் உண்டு.
யாரும் கேட்பதில்லை,
அதனால் சோறு பிசையும்போது
சோற்றிடம் சொல்வேன்.

பிள்ளையை அரைமணி நேரம் வைத்திருந்தால்
அதன் பெயர் உதவி அல்ல.
அந்தப் பிள்ளைக்கு நிமலனின் காதுதான்.
தாய் என்றால் பொறுமை என்று முதலில் சொன்னவர்
மூன்று தரம் துப்பிய பருப்பை
ஒருநாளும் துடைத்திருக்க மாட்டார்.
குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு
ஒரு முழுச் சொக்லேற்றைத் தனியே தின்பது
பாவமென்றால்
நான் நல்ல பாவி.
அடுத்தது எப்போ என்று கேட்பவர்கள்
ஒரு இரவு வந்து படுத்துப் பார்க்கட்டும்
இந்தக் கட்டிலில்:
குறுக்கே அவன், விளிம்பில் நான்,
மா ஆலையில் நைட் ஷிப்டில் மற்றவர்.

சோறு ஒன்றும் சொல்லாது.
நல்ல சோறு.

வியாழன் கிளினிக்.
ரம்சியா மிஸ் அட்டையில் புள்ளி வைத்தா.
கோடு கொஞ்சம் படுத்துக் கிடந்தது.
"கதைக்கிறாரா?"
"ஒரு சொல், மிஸ்."
"என்ன சொல்?"
சொன்னேன்.
பேனையை வைத்துவிட்டுச் சிரித்தா.
அவவின் மகள் மூன்று மாதமாய்
கண்டதையெல்லாம் மீன் என்றவளாம்.
"வாப்பாவையும்."
இரண்டு வயது வரட்டும், பாப்பம் என்றா.
இரண்டு பக்கற் திரிபோஷா தந்தா.

வரும் வழியில் டச்பே கடற்கரையில் இறங்கினோம்.
அவனுக்கு மணல் தின்ன வேண்டும்,
எனக்குப் பத்து நிமிஷம் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும்.
மணல் தின்றால் வயிற்றில் பூச்சி வரும் என்பார்கள்.
வரட்டும். பூச்சிக்கு மருந்து இருக்கிறது,
இந்தப் பத்து நிமிஷத்துக்கு இல்லை.
பையை வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தேன், அவ்வளவுதான்.
தூரத்துக் கப்பல் வருகிறதா நிற்கிறதா என்று
யோசித்து முடிக்கிற நேரம்.

திரும்பினால்
ஒரு பெட்டை மான் பைக்குள் தலை விட்டு
பக்கற்றோடு திரிபோஷா தின்கிறது.
மூக்கு முழுக்க மா.
நான் எழும்ப முதல்
சாருகன் தத்தித் தத்திப் போய் முன்னால் நின்று
இடுப்பில் கை வைத்து
(அது என்னுடைய நிற்பு, நான் ஏசும்போது நிற்பது)
ஒரு விரலை நீட்டிச் சத்தம் போட்டான்:

"அம்மா!"

மானைப் பார்த்து.

அது ஒரு காதை ஆட்டிவிட்டு
மீதியைத் தின்றது.
எனக்கு வந்தது சிரிப்பா வேறென்னவோ.
பக்கத்தில் கச்சான் விற்றவர்
"தம்பி நல்லா ஏசுறார்" என்றார்.

ஓட்டோவில் ஏற்றும்போது
மணல் ஒட்டிய கையால் என் நாடியைத் தொட்டு
"மான்" என்றான், மிகத் தெளிவாக.

அட்டையில் ஒரு மூலை ஈரம், ஒரு மூலை இல்லை.
அடுத்த வியாழன் ரம்சியா மிஸ்ஸுக்கு
சொல் இரண்டு என்று சொல்லலாம்.
திரிபோஷா முடிஞ்சுது என்றும்.
யார் தின்றது என்று
அவ கேட்காமல் இருக்க வேண்டும்.